இருபத்திரண்டு யார்?

கிளாக்ஸ்விக் துறைமுகம், அதிகாலை மூன்றேகால்.
மீன் ஏலக்கூடத்தின் பின்னறையில்
குளிரூட்டிகளின் இரைச்சலுக்கு நடுவே
தரையில் அமர்ந்திருக்கிறேன்.
மடியில் லேப்டாப், பக்கத்தில் ஆறிய காப்பி,
எதிரே இரண்டு நெட்வொர்க் கார்டு செருகிய சர்வர்.

இரண்டாவதைச் செருகியது நான்தான்.
ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்று
மர்யுனிடம் வாதாடிக் காசு வாங்கியதும் நான்தான்.
ஒரே சப்நெட். ஒரு கார்டுக்கு இருபத்தொன்று,
மற்றதற்கு இருபத்திரண்டு.
ஒரே தெருவில் அடுத்தடுத்த கதவு,
என்ன வந்துவிடப் போகிறது?

செவ்வாய்க்கிழமை வந்தது.
ஃபோர்க்லிஃப்ட்டைப் பின்னால் எடுத்த ஹனுஸ்
சுவரில் லேசாக இடித்தான்.
முதல் கார்டின் கேபிள் கழன்றது.
இரண்டு எண்ணும் செத்தன.

தராசில் கிடந்த காட் மீன் எத்தனை கிலோ என்று
திரைக்குத் தெரியவில்லை.
ஹெக்னி அட்டைப்பெட்டி மூடியில்
பென்சிலால் எழுதிக்கொண்டே ஏலம் கூவினான்.
வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள்.
ஐஸ் உருகி என் பூட்ஸ்வரை வந்தது.
இரண்டாவது கார்டில் பச்சை விளக்கு
அப்போதும் சிமிட்டிக்கொண்டிருந்தது.
அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்று ஒட்டுக்கேட்கிறேன்,
கம்பியில் ஓடுவதை வரிவரியாகத் திரையில் இறக்கி.
தராசு கூவுகிறது: இருபத்திரண்டு யார்?
நான், என்கிறது இரண்டாவது கார்டு.
நான், என்கிறது முதலாவதும்,
கண்ணிமைப்பில் நூறில் ஒரு பங்கு முந்தி.

பொய் சொல்லவில்லை அது.
எண் கார்டுக்குச் சொந்தம் என்று
நான்தான் நினைத்திருந்தேன்.
எண் வீட்டுக்குச் சொந்தம்.
எந்த வாசலில் நின்றும் குரல் கொடுக்கலாம்
என்பது வீட்டின் நியாயம்.

வெளியே போகவும் அப்படியே.
தெருவுக்கு வழி எது என்று அட்டவணையில் இரண்டு வரி,
முதல் வரியைத் தாண்டி யாரும் படிப்பதில்லை.
இந்தக் கதவில் நுழைந்த கேள்விக்கு
அந்தக் கதவில் போகிறது பதில்.
ஒரே உறையில் இரண்டு கத்தி என்பார்கள்.
இங்கே கத்தி ஒன்று,
உறைதான் இரண்டு.

நாலு மணிக்குள் திருத்தினேன்.
உன் எண்ணைக் கேட்டால் மட்டும் வாயைத் திற.
வந்த வாசலிலேயே திரும்பிப் போ.
ஆளுக்கொரு தனி அட்டவணை.
எல்லாம் நேராகிவிட்டது.
முதல் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன்.
இருபத்திரண்டு பிழைத்தது, இருபத்தொன்று செத்தது,
அதை நம்பியிருந்த மூன்று தராசும் செத்தன.
நேர்மை இருந்தது. காவல் இல்லை.

டோர்ஸ்ஹவ்னில் யால்மரை எழுப்பினேன்.
தூக்கக் குரலில் கேட்டான்,
"ரன்வா, உனக்கு வேகம் வேண்டுமா,
விழாமல் இருக்க வேண்டுமா?"
விழாமல், என்றேன்.
"அப்படியென்றால் ஏன் இரண்டு பேர்?
ஒரு பேர் போதும்.
ஒரு கார்டு பேசட்டும்,
மற்றது அது சாகும்வரை வாய்மூடி இருக்கட்டும்."
போனை வைத்துவிட்டான்.
வருடம் முழுக்க வாய்மூடி இருக்கவா
அவ்வளவு காசு வாங்கினேன்?
மர்யுனிடம் இதை எப்படிச் சொல்வது?

கட்டினேன். இரண்டும் ஒன்றாயின.
இருபத்திரண்டை அழித்தேன்.
அதன் பேரைச் சொல்லும் நான்கு தராசுக்கும்
ஏணி வைத்து ஏறி, ஈரக் கையுறையோடு
புது எண்ணை அழுத்தினேன்.

ஐந்தரைக்கு ஹனுஸ் வந்தான்.
"இன்னொரு முறை இடி" என்றேன்.
கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்து
முகம் சிவந்து நின்றான்.
"நிஜமாக. அதே இடத்தில்."
பூனையை நகர்த்துவதுபோல் மெல்ல இடித்தான்.
எதுவும் கழலவில்லை.
கடைசியில் நானே பிடுங்கினேன்.
திரையில் ஒரே ஒரு வரி தவறியது,
அடுத்த வரி ஒன்றும் நடக்காததுபோல் வந்தது.

ஆறு மணி. முதல் படகு அணைகிறது.
லேப்டாப்பை மூடப் போகும்போது
திரையின் அடியில் ஊர்கிறது ஒரு வரி,
மூன்று நொடிக்கு ஒருமுறை:
இருபத்திரண்டு யார்?
இருபத்திரண்டு யார்?

குளிர்கிடங்கின் கோடியில்
ஐந்தாவதாக ஒரு தராசு இருக்கிறது போலும்.
எந்தப் பட்டியலிலும் இல்லை.
காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு
ஏணியைத் தேடுகிறேன்.